குளியலறை டைல்ஸை உடைக்காமல் உள்ளே இருக்கும் குழாயைப் பார்க்க முடியுமா?

தாம்பரத்துக்கு அருகே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கட்டடத்துக்கு வயது 11. கீழே வாகன நிறுத்தம், மேலே மூன்று தளங்கள். இவருடைய வீடு இரண்டாம் தளத்தில் இருக்கிறது. 82 வயதான மாமியாருடன் வசிக்கிறார். கடந்த நான்கு மாதங்களாகக் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரம்வரை ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளமிட்டு, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கீழ்வீட்டுக் குளியலறையின் கூரையிலும் நீர் சொட்டுகிறது. ஒரு பிளம்பர், "குழாய் எல்லாம் டைல்ஸுக்குள் இருக்கிறது, முழுக் குளியலறையையும் உடைத்துப் புதிதாகப் போட்டால்தான் தீரும்" என்று சொல்லி 1,85,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர், எதையும் உடைக்காமல் டைல்ஸ் மேல் ரசாயனம் பூசியும் கீழிருந்து ஊசி மூலம் மருந்து செலுத்தியும் நிறுத்திவிடலாம் என்கிறார். அந்த டைல்ஸ் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. மாமியார் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை அது ஒன்றுதான். கீழ்வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். சங்கச் செயலாளரோ, இது பில்டர் செய்த தவறு, அவரைத்தான் கேட்க வேண்டும் என்கிறார்.

கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்லும்போது, மூன்று செய்திகளைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒன்று, பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோதும் கீழ்வீட்டில் சொட்டு நிற்கவில்லை. ஆகவே தவறு தம் வீட்டில் இருக்காது என்பது அவருடைய எண்ணம். இரண்டு, தண்ணீர் வேகமாக வரவில்லை என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கம் மொட்டை மாடியில் பிரஷர் பம்ப் பொருத்தியது. மூன்று, எட்டு மாதங்களுக்கு முன் மாமியார் பிடித்துக்கொண்டு எழுவதற்காகக் கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றைப் பொருத்தினார்கள்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், இன்றே செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓதம் ஏறிய அதே சுவரில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இணைப்புக்கு உரிய எம்.சி.பி.யை (மெயின் போர்டில் இருக்கும் சிறு சுவிட்சை) அணைத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, போர்டின் பின்பக்கப் பெட்டியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது தானே அணைகிறதா என்றும் பாருங்கள். குழாய்க் கசிவைப் பத்து நாள் பொறுமையாக ஆராயலாம். ஈரச் சுவரில் இருக்கும் மின்சாரத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

இனி உங்கள் முதல் கேள்வி. டைல்ஸை உடைக்காமல் உள்ளே இருக்கும் குழாயைப் பார்க்க முடியுமா என்றால், பெரும்பாலான வீடுகளில் முடியும். உங்கள் வீட்டில் முடியும் என்பதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனால் எந்தக் குழாய், எந்த உயரத்தில் என்று தெரிவதற்கு முன்னால் யாரும் சுத்தியலைக் கையில் எடுக்கக் கூடாது. முழுக் குளியலறையையும் உடைக்கச் சொல்லும் ஆலோசனை பல சமயங்களில் நேர்மையற்ற ஆலோசனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எங்கே கசிகிறது என்று தேடும் கருவியும் நேரமும் இல்லாத ஒரு பிளம்பருக்கு, எல்லாவற்றையும் மாற்றிவிடுவதுதான் திரும்ப அழைப்பு வராத வழி. அவருக்குப் பாதுகாப்பான அந்த வழியின் செலவு மட்டும் உங்கள் தலையில் விழுகிறது.

ஈரம் தெரியும் இடமும் கசியும் இடமும்

பூட்டிய வீட்டிலிருந்து தண்ணீர் வராது என்ற உங்கள் எண்ணத்தைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போகும்போது குளியலறைக் குழாய்களை மூடினீர்கள். மொட்டை மாடியில் உங்கள் வீட்டு லைனுக்கான வால்வை மூடவில்லை. டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் வரும் குழாய், நீங்கள் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவும் பகலும் அழுத்தத்திலேயே இருக்கிறது. அதில் ஊசித் துளை அளவு ஓட்டை இருந்தாலும் 24 மணி நேரமும் கசியும். கழிவுநீர்க் குழாயில் பழுது என்றால், தண்ணீரை ஊற்றும்போதுதான் கசியும். தரை டைல்ஸின் இடுக்கு வழியாக இறங்குகிறது என்றால், குளித்த பிறகுதான் சொட்டும். ஆகவே, பத்து நாள் யாரும் இல்லாத வீட்டின் கீழே சொட்டு நிற்காதது, உங்கள் வீட்டு நீர்வரத்துக் குழாய் மீதான சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. உங்கள் குளியலறையின் தரைக் கான்கிரீட் மற்ற அறைகளைவிட முக்கால் அடியிலிருந்து ஒரு அடிவரை பள்ளமாக வார்க்கப்பட்டு, கழிவுநீர்க் குழாய்கள் போட்ட பிறகு செங்கல் உடைசலால் நிரப்பப்பட்டிருக்கும். அந்த நிரப்பு ஒரு தொட்டியைப் போலத் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, கசிவு நின்ற பிறகும் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில்கூட, சொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, மூன்றாம் தளத்து வீட்டிலிருந்து டக்ட் (குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் இடைவெளி) வழியாகவோ சுவர் வழியாகவோ இறங்கும் தண்ணீர் உங்கள் தளத்தைத் தாண்டிக் கீழே போகலாம். உங்கள் குளியலறைக் கூரையும் சுவரின் மேல்பகுதியும் காய்ந்து இருப்பதாக எழுதியிருப்பதால், இதற்கான வாய்ப்பு குறைவு.

ஓதம் இரண்டரை அடி உயரத்தில் இருப்பதால் குழாயும் அதே உயரத்தில் ஓட்டையாகியிருக்கும் என்று பிளம்பர் சொன்னதையும் அப்படியே ஏற்க வேண்டாம். பழைய முறையில், சிமெண்ட் கலவையை நான்கைந்து உருண்டைகளாக வைத்து ஒட்டிய டைல்ஸுக்குப் பின்னால் வெற்றிடங்கள் இருக்கும். மேலே கசியும் நீர் அவற்றின் வழியாக இறங்கித் தரையில் தேங்கும்; பிறகு செங்கல் அதை உறிஞ்சி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல மேலே ஏற்றும். சுவரில் காணும் கோடு, செங்கல் எவ்வளவு உறிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. தட்டிப் பார்த்தால் 'டொக்' என்று கேட்கும் டைல்ஸ்கூட ஒட்டு விட்டிருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. அதன் பின்னால் கசிவு இருக்கிறது என்பதற்கு அல்ல.

கைப்பிடிக் கம்பியின் ஸ்க்ரூ

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி இதுதான். எட்டு மாதங்களுக்கு முன் கம்பி பொருத்தினீர்கள். நான்கு மாதங்களாக ஓதம். கம்பி இருப்பதும் ஓதம் ஏறியதும் ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் ஃப்ளஷ் டேங்குக்கும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் போகும் குழாய்கள் இறங்குகின்றன.

டைல்ஸுக்குப் பின்னால் செங்கலில் காடி வெட்டிப் புதைத்த முக்கால் அங்குல சி.பி.வி.சி. (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். அது டைல்ஸின் முகத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அங்குல ஆழத்தில் இருக்கும். கைப்பிடிக் கம்பிக்குப் போடும் ஸ்க்ரூ, உறுதிக்காக, இரண்டரை அங்குலம் உள்ளே போகும். ட்ரில் முனை குழாயை முழுவதுமாகத் துளைத்திருந்தால் அன்றைக்கே தண்ணீர் பீறிட்டிருக்கும். ஓரமாக உரசிச் சென்று, அந்தக் காயத்தை பிளாஸ்டிக் ப்ளக்கும் ஸ்க்ரூவும் அடைத்துக்கொண்டிருந்தால், ஒன்றும் தெரியாது. எழும்போதும் உட்காரும்போதும் ஒருவருடைய எடையைக் கம்பி தாங்கித் தாங்கி ஸ்க்ரூ சற்றே அசையவும், காயத்தின் வாய் திறந்து கசிவு தொடங்குகிறது. எட்டு மாதத்துக்கும் நான்கு மாதத்துக்கும் இடையிலான தாமதம் இப்படித்தான் வந்திருக்கக்கூடும். இது நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல, ஓர் ஊகம்; ஆனால் சோதித்துப் பார்ப்பதற்கு அதிகச் செலவில்லாத ஊகம் என்பதால் முதலிடம் தருகிறேன்.

மொட்டை மாடியில் உங்கள் குளியலறை லைனுக்கான வால்வை மூடுங்கள். குளியலறையின் எல்லாக் குழாய்களையும் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரை வடியவிடுங்கள். அதன் பிறகு பிளம்பரை வைத்துக்கொண்டு, கம்பியின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். நுனி துருப்பிடித்து ஈரமாக இருக்கும் ஸ்க்ரூ, வறண்ட தூளோடு வெளிவரும் ஸ்க்ரூ ஆகிய இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஈரமாக வந்தால், அந்தத் துளையே உங்களுக்குக் கிடைத்த ஜன்னல். எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் துளை இருந்தாலே, நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, கைபேசித் திரையில் பார்த்துவிடலாம். டைல்ஸ் ஒன்றுகூட உடையாமல் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

அப்படியே இருந்தாலும், "என்னால்தான் இவ்வளவும்" என்று உங்கள் மாமியார் வருந்தும்படி ஆகிவிடக் கூடாது. அந்த வயதில் கைப்பிடிக் கம்பி அவசியமானது. குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்காமல் துளை போட்டவர்தான் தவறியவர்.

தண்ணீர் வரும் குழாயா, போகும் குழாயா என்ற சோதனை

ஸ்க்ரூக்கள் காய்ந்து வந்தால், அடுத்த படிக்குப் போக வேண்டும். கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வாளியைச் சொட்டின் கீழே வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். காலை, மதியம், நள்ளிரவுக்கு முன் என மூன்று வேளை. பிறகு ஐந்து நாட்கள் குளியலறை லைனின் வால்வை மூடிவைத்து, சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வழக்கம்போல் அதே குளியலறையைப் பயன்படுத்துங்கள். இப்போது கழிவுநீர்க் குழாய் வேலை செய்கிறது; நீர்வரத்துக் குழாய் ஓய்வில் இருக்கிறது. சொட்டு நாளுக்கு நாள் குறைந்தால் குற்றவாளி நீர்வரத்துக் குழாய். அளவு மாறாமல் இருந்தால், தரையையும் கழிவுநீர்க் குழாயையும் நோக்கித் திரும்ப வேண்டும். இந்த ஐந்து நாள் சோதனையை மிகுந்த விலை கொடுத்து வாங்கும் கருவிகளைவிட நான் அதிகம் நம்புகிறேன். உங்களுக்கு இது சிரமமான ஐந்து நாட்கள் என்பது தெரியும். வாளி சுமக்க ஒருவரை அமர்த்திக்கொண்டாலும், ஆகும் செலவு ஒரு சதுர அடி டைல்ஸ் வேலைக்குக்கூட ஈடாகாது.

நீர்வரத்துக் குழாய்தான் என்று உறுதியானால், பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஷவர், ஹெல்த் ஃபாசெட், குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி அந்த வாய்களை ப்ளக் போட்டு அடைத்து, கீஸர் இணைப்பை இரு பக்கமும் துண்டித்து, கையால் இயக்கும் பம்பின் மூலம் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். குளிர்நீர் லைனையும் வெந்நீர் லைனையும் தனித்தனியாகச் சோதித்தால்தான் எது பழுது என்று தெரியும். டைவர்ட்டருக்குள் (குளிர்நீரையும் வெந்நீரையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) இரண்டும் கலக்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிய குழாய்க்கு ஏற்றும் அழுத்தத்தை 11 ஆண்டுப் பழைய குழாய்க்கு ஏற்ற வேண்டாம். பம்ப் ஓடும்போது உங்கள் லைனில் இருக்கும் அழுத்தத்தைச் சற்றுத் தாண்டினால் போதும்.

பிரஷர் பம்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இரண்டாம் தளத்துக்கு இறங்கும் தண்ணீரின் அழுத்தம் ஒரு பாரைக்கூட எட்டாது. பம்ப் வந்த பிறகு அது இரண்டு பாரையோ அதற்கு மேலோ தொட்டிருக்கும். சி.பி.வி.சி. குழாய் அதைத் தாராளமாகத் தாங்கும். தாங்காமல் போவது, பித்தளை மரையுள்ள இணைப்புகளில் ஒன்பது ஆண்டுகளாக மெல்லிய அழுத்தத்தில் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்த சரியில்லாத ஒட்டுதான். டைவர்ட்டருக்கும் ஆங்கிள் காக்குக்கும் (சுவரிலிருந்து ஃப்ளஷ் டேங்க் போன்றவற்றுக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் சிறு வால்வு) பின்னால் இருப்பவை இத்தகைய இணைப்புகளே. ஸ்க்ரூவுக்கு அடுத்தபடியாக என் சந்தேகம் இவற்றின் மீதுதான்.

'தெர்மல் கேமரா' வைத்துச் சுவருக்குள் இருப்பதைக் காட்டுவதாகச் சொல்பவர்கள் வருவார்கள். அந்தக் கேமரா சுவரின் மேற்பரப்பு வெப்பநிலையை மட்டுமே காட்டும். தண்ணீரை நேரே காட்டாது. வெந்நீரைக் கால் மணி நேரம் ஓடவிட்டால், வெந்நீர்க் குழாயின் பாதையை அழகாகக் காட்டும் என்பதால் ட்ரில் போடுவதற்கு முன் அது பயனுள்ள கருவி. குளிர்நீர்க் கசிவைக் கண்டுபிடிக்க அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

குழாயை அடைய எத்தனை வழிகள்

டைல்ஸைத் தொடாமலே திறக்கக்கூடிய இடங்கள் உங்கள் குளியலறையில் ஏற்கெனவே இருக்கின்றன. டைவர்ட்டரின் கைப்பிடியையும் அதன் பின்னால் உள்ள வட்டத் தகட்டையும் கழற்றினால், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை (நீரைத் திறந்து மூடும் உட்பாகத்தை) முன்பக்கமாகவே எடுத்து மாற்றலாம். சுற்றியிருக்கும் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரமும் தெரியும். ஆங்கிள் காக்கின் தகட்டுக்குப் பின்னாலும் அப்படியே. டக்ட் பக்கம் திறந்த சுவர் இருந்தால், கழிவுநீர்க் குழாய் வெளியேறும் இடத்தை அங்கிருந்து பார்க்கலாம். ஆனால் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் எந்தத் தொழிலாளியையும் டக்டுக்குள் இறங்க அனுமதிக்காதீர்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது படுக்கையறைப் பக்க வழி. அந்தச் சுவர் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால், குழாய் அதில் ஏறக்குறையப் பாதி ஆழத்தில் இருக்கிறது. படுக்கையறையில் எப்படியும் பூச்சு கெட்டுப்போய்விட்டது. அதை உரித்துத்தான் ஆக வேண்டும். சோதனை காட்டிய உயரத்தில் ஓரடிக்கு ஓரடி அளவில் பூச்சைச் சுரண்டி, இரண்டு மூன்று செங்கற்களை மெல்ல எடுத்தால், குழாயின் முதுகு கைக்கு எட்டும். குளியலறை டைல்ஸ் அதன் இடத்திலேயே இருக்கும். கழிப்பறையும் வேலை நடக்கும் சில மணி நேரம் தவிர மற்ற நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும். கொத்தனாரிடம் மூன்று நிபந்தனைகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அது தூணோ பீமோ அல்ல என்று உறுதி செய்த பிறகே வெட்ட வேண்டும், மின்கம்பிக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து, மெயினை அணைத்துவிட்டே வெட்ட வேண்டும், சம்மட்டி கூடாது, சிறிய உளியும் கட்டிங் மெஷினும் மட்டும். சம்மட்டி அடியின் அதிர்வில் மறுபக்க டைல்ஸ் கழன்றுவிட்டால், இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததன் பயனே போய்விடும்.

திறந்த இடத்தைப் பழுது பார்த்ததும் உடனே பூசி மூடிவிடாதீர்கள். ஒட்டிய இணைப்பு உலர்ந்த பிறகு மீண்டும் அழுத்தம் ஏற்றிச் சோதித்து, அளவு நாடாவை வைத்துத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் தூரம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்தில் செங்கல் வைத்து அடைப்பதற்குப் பதிலாக, சட்டமும் கதவும் உள்ள சிறிய திறப்பு ஒன்றை வைத்துவிடச் சொல்லுங்கள். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும் ஓரடிச் சதுரம்தான் அது. அதற்குள்ளேயே குளியலறை லைனைத் திறந்து மூடும் பால் வால்வு (ball valve) ஒன்றையும் பொருத்திவிட்டால், இனி வால்வைத் தேடி மொட்டை மாடிக்கு ஏற வேண்டியதில்லை. குழாயைச் சுவருக்குள் புதைப்பது அழகுக்காக நாம் எடுத்த முடிவு. அதை எட்டிப் பார்க்க ஒரு கதவு வைக்காமல் விட்டது, இருபது முப்பது ஆண்டுகளாக நம் கட்டுமானத் துறை, நான் உட்பட, செய்துவந்த பிழை. உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

டைல்ஸ் பக்கமிருந்து திறப்பதைத் தவிர வேறு வழி இல்லையென்றால், ஒரு டைல்ஸ் அல்லது இரண்டு டைல்ஸோடு நிறுத்தலாம். முதலில் அதன் நான்கு பக்கத்து க்ரௌட்டையும் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கலவை) முழுவதுமாக நீக்கிவிட வேண்டும். அப்போதுதான் அதிர்வு பக்கத்து டைல்ஸுக்குப் போகாது. எடுக்கும் டைல்ஸ் உடையத்தான் செய்யும். அதற்கு ஈடாக, கண்ணாடிக்குப் பின்னாலும் பரணுக்கு உள்ளேயும் ஒட்டியிருக்கும் அதே ரக டைல்ஸைக் கவனமாகப் பெயர்த்தெடுத்து இங்கே வைத்துவிட்டு, மறைவான அந்த இடத்தில் வேறு டைல்ஸ் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் உண்டு. பலர் அதை யோசிப்பதே இல்லை. பழுதான லைனைத் தேடாமலேயே கைவிட்டுவிடலாம். சுவருக்குள் போகும் இடத்தில் அதை நிரந்தரமாக அடைத்துவிட்டு, கூரையையொட்டி மேலிருந்து புதிய குழாயை வெளியே தெரியும்படி இறக்கி, கிளிப் போட்டுப் பொருத்தினால், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். பார்வைக்கு அவ்வளவு நன்றாக இராது என்பது உண்மை. ஆனால் அடுத்த முறை கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம். பிரஷர் டெஸ்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கசிவு தெரிந்தால், நான் தயங்காமல் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ரசாயனப் பூச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கசிவு தரை டைல்ஸின் இடுக்கு வழியாக இறங்குகிறது என்று சோதனை காட்டினால், பழைய க்ரௌட்டை நீக்கிவிட்டு எபாக்ஸி க்ரௌட் போடுவது நல்ல பலன் தரும். அழுத்தத்தில் இருக்கும் குழாயில் ஓட்டை என்றால், டைல்ஸின் முகத்தில் எதைப் பூசினாலும் பயனில்லை. தண்ணீர் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. கீழ்வீட்டுக் கூரையில் ஊசி போட்டு அடைப்பது இன்னும் ஆபத்தானது. மூலத்தை நிறுத்தாமல் வெளியேறும் வாயை மட்டும் அடைத்தால், தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கிப் பக்கவாட்டில் வழி தேடும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பி, கூரையின் அடிப்பாகம் பெயர்ந்து விழத் தொடங்கும்.

செலவும் பொறுப்பும்

நான் பொறியாளர், வழக்கறிஞர் அல்ல. பொதுவான நிலையைச் சொல்கிறேன், உங்கள் கிரயப் பத்திரத்தையும் சங்க விதிகளையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் பயன்படும் உட்புறக் குழாயைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு. டக்டில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இறங்கும் குழாய் என்றால் அது சங்கத்தின் பொறுப்பு. சோதனையை முதலில் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: எங்கே கசிகிறது என்பது தெரியும்வரை, யார் செலவு என்ற கேள்விக்கு விடையே இல்லை.

பில்டரைக் கேட்கச் சொல்லும் செயலாளரின் யோசனை காலம் கடந்தது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் குறைகளை, 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. உங்கள் கட்டடத்துக்கு 11 ஆண்டுகள் ஆகிவிட்டன.

கீழ்வீட்டுக்காரரின் காவல் நிலைய மிரட்டலுக்கு நீங்கள் அஞ்ச வேண்டாம். இது அடிப்படையில் உரிமையியல் தகராறு. ஆனால் அவருடைய குறையை அலட்சியம் செய்யவும் வேண்டாம். கசிவு உங்கள் வீட்டிலிருந்து என்று தெரிந்தும் நடவடிக்கை எடுக்காமல் இருந்தால், அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரைக் கொண்டு உங்கள் குளியலறையைப் பார்வையிடச் செய்யவும், பழுதுபார்க்க உத்தரவு கேட்கவும், இழப்பீடு கோரவும் முடியும். அதே சமயம், உங்கள் அனுமதியின்றி அவரோ அவருடைய ஆட்களோ உள்ளே நுழைந்து எதையும் உடைக்க உரிமை இல்லை. ஒரு கடிதம் எழுதி, சோதனை நடக்கும் தேதியைச் சொல்லி, நேரில் இருக்கும்படி அழைத்து, அன்றைய அளவுகளின் கீழே இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். வாளி அளவையும் அழுத்தமானியையும் தம் கண்ணால் பார்த்தவரின் கோபம் பாதியாகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பேச்சு முறிந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குத் தொடுப்பதற்கு முன்பாகவே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

கசிவு உங்களுடையது என்று உறுதியானால், அவருடைய கூரைப் பூச்சையும் பெயிண்டையும் சரிசெய்து தருவதாக நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேலையை மட்டும் உடனே செய்யாதீர்கள். நிரப்பில் தேங்கிய தண்ணீர் வடிவதற்குச் சில வாரங்கள் வேண்டும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லாவிட்டால், பழுது பார்த்த மறுநாளும் சொட்டுவதைக் கண்டு, ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். உங்கள் படுக்கையறைச் சுவருக்கும் இதே விதிதான். கெட்ட பூச்சை உரித்து, உப்பை வறண்ட பிரஷால் தேய்த்தெடுத்துவிட்டு, சுவரைக் காற்றாட விடுங்கள். ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்து உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்வை இல்லாத பிறகே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

மாமியாரின் கைப்பிடிக் கம்பியை, வேலை முடியும்வரை, சுவரில் துளை போடத் தேவையில்லாத, கழிப்பறை இருக்கையைச் சுற்றித் தரையில் நிற்கும் கைப்பிடிச் சட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். குழாயின் பாதை தெரிந்த பிறகு, அதிலிருந்து குறைந்தது நான்கு அங்குலம் தள்ளிச் சுவரில் நிரந்தரக் கம்பியைப் பொருத்தலாம். ட்ரில் போடும் அன்று வால்வை மூடிவைத்து, முடிந்ததும் திறந்து, புதிய துளைகளைச் சுற்றி ஒரு மணி நேரம் பார்த்த பிறகே பிளம்பரை அனுப்புங்கள்.